பத்து நாள் பச்சைப் பால்

எனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று தெரிய முப்பத்தெட்டு நாள் ஆனது. அதற்கு முதலில் துப்புக் கொடுத்தது ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. என் நாத்தனாரின் ஆடுகள். அவை செத்த குட்டிகளைப் போட்டிருந்தன. அந்தச் செய்தி என் காதில் விழுந்தபோது எனக்கு வயிற்றில் பதினேழு வாரம்.

மருந்தெல்லாம் முடிந்து, குழந்தை தூங்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். காய்ச்சல் போய்ப் போய்த் திரும்பி, காரணம் தெரியாமல் எங்காவது ஒருவர் படுத்திருக்கலாம். அவர் இதைப் படித்துவிட்டுத் தன் டாக்டரிடம் ஒரு விஷயத்தைக் கூடுதலாகச் சொன்னால் போதும்.

நான் பால் தொழில்நுட்பம் படித்தவள். கடலூரில் ஒரு தனியார் பால் ஆலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. கணவர் பிரபாகரன் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறார். வீடு செம்மண்டலத்தில். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் இது நடந்தது.

என் வேலையைச் சொல்லாவிட்டால் நான் செய்த தவறு புரியாது. பால் பாக்கெட்டில் 'பாஸ்டுரைஸ்டு' என்று அச்சடித்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாலை எழுபத்திரண்டு டிகிரிக்குச் சூடாக்கி, பதினைந்து வினாடி அந்தச் சூட்டிலேயே குழாய்க்குள் ஓடவிட்டு, உடனே நாலு டிகிரிக்குக் குளிர வைப்பதுதான் அது. பால் கொதிப்பதில்லை. ருசி பெரிதாக மாறாது, சத்தும் அப்படியேதான் இருக்கும். ஆனால் காசநோய், டைபாய்டு, தொண்டை அடைப்பான் என்று பால் வழியாக வரக்கூடிய கிருமிகள் அந்தப் பதினைந்து வினாடியைத் தாண்டுவதில்லை. ஐஸ்கிரீம் கலவை, பெட்டியில் அடைத்த பழச்சாறு, பேக்கரிகளுக்குப் போகும் உடைத்த முட்டை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். சூடும் நேரமும் மட்டும் மாறும்.

சூடு சரியாகப் பட்டதா என்று பார்ப்பது என் பொறுப்பு. கறந்த பாலில் பாஸ்படேஸ் என்று ஒரு நொதி இயல்பாகவே இருக்கும். முரட்டுக் கிருமிகள் சாகத் தேவையான சூட்டைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில்தான் அது அழியும். அதனால் நொதி இல்லையென்றால் கிருமியும் இல்லை என்று நம்பலாம். சோதனைக் குழாயில் அதற்கான கரைசலை ஊற்றி, பாலைச் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் வைப்போம். நிறம் மாறினால் சரியாகச் சூடாகாத பால் எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தொகுதியை வெளியே விட மாட்டேன். ஒரு முறை வால்வு கசிந்து ஒரு டேங்க் பாலை நிறுத்தினேன். மேலாளர் அரை மணி நேரம் என்னோடு வாதாடினார். நான் கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் கையால்தான் போன வைகாசியில் பத்து நாள் தொடர்ந்து காய்ச்சாத ஆட்டுப் பாலை வாங்கிக் குடித்தேன்.

வைகாசி முதல் வாரத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் கீழாநெல்லி. செடியை வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் மையாக அரைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி, வெறும் வயிற்றில் பாலில் கரைத்துக் குடிக்க வேண்டும். ஆட்டுப் பால் உத்தமம். கறந்த சூடு ஆறக் கூடாது. உப்பில்லாத பத்தியம்.

பிரபாவின் அக்கா கலா புவனகிரிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவருக்கு எட்டு ஆடுகள். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். சுற்று வட்டாரத்தில் யாருக்குக் காமாலை வந்தாலும் விடிந்ததும் கலா அண்ணி வீட்டு வாசலில் ஒரு டம்ளரோடு நிற்பார்கள். அவர் யாரிடமும் காசு வாங்க மாட்டார். மருந்துக்குப் போகும் பாலை விற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. என்னைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பத்து நாள் வைத்துக்கொண்டார்.

முதல் நாள் காலையில், ஒரு பக்கம் கொம்பு உடைந்த கருப்பு ஆட்டின் கீழே செம்பை வைத்துப் பீச்சினார். கருப்பி என்று பெயர். நுரையோடு என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் சூடு பண்ணிடலாமே அண்ணி."

"காய்ச்சினா மருந்து நிக்காது பொண்ணு. கண்ண மூடிக்கினு ஒரே மொடக்கா ஊத்திக்கோ."

"இல்ல, நான் படிச்சதுல..."

"நீ பாலுக்குப் படிச்சவ. நான் ஆட்டுக்குப் படிச்சவ. குடி."

குடித்தேன். அப்போது எனக்குள் சொல்லிக்கொண்ட சமாதானங்களை இப்போது எழுதி வைக்கிறேன், வேறு யாராவது இதையே சொல்லிக்கொண்டால் அடையாளம் தெரியட்டும்:

ஒன்று, ஒரே ஆட்டுப் பால். நூறு வீட்டுப் பால் கலந்ததில்லை.

இரண்டு, கறந்த நிமிடமே குடிக்கிறேன். கிருமி பெருக நேரமில்லை.

மூன்று, ஆடு கொழுகொழுவென்று நன்றாக இருக்கிறது.

நான்கு, பத்து நாள்தானே.

நாலுமே தப்பு. கிருமி பாத்திரத்தில் வந்து சேர்வது மட்டுமில்லை, மடியிலிருந்தே வரலாம். பார்க்க நன்றாக இருக்கும் ஆட்டிலிருந்தும் வரலாம். பத்து நாளில் பத்து முறை குடித்திருக்கிறேன். ஒரு முறை போதும். இதெல்லாம் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயங்கள். ஐந்தாவதாக ஒரு காரணமும் உண்டு, அது பட்டியலில் ஏறவேயில்லை: அண்ணி விடியற்காலையில் எழுந்து, வரப்பெல்லாம் குனிந்து தேடி அந்தச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். அந்தச் செம்பை என்னால் தள்ள முடியவில்லை.

காமாலை இறங்கியது. நாள் தள்ளிப்போனதை நோயின் பலவீனம் என்று நினைத்திருந்தேன். ஆனியில் பரிசோதித்தபோதுதான் கர்ப்பம் என்று தெரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆடி நடுவில் காய்ச்சல் தொடங்கியது. காலையில் ஒன்றும் இருக்காது. வேலைக்குப் போவேன். நாலரை மணிக்கு முதுகில் ஒரு குளிர் ஏறும். ஆறு மணிக்கு நூற்றிரண்டு. அப்புறம் புடவையைப் பிழியலாம் போல வியர்த்து இறங்கிவிடும். ஒரு வாரம் இப்படி வந்துவிட்டு நாலு நாள் வராமல் இருந்தது. போய்விட்டது என்று நினைத்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஐந்தாம் நாள் நாலரைக்குத் திரும்பியது.

நான் நேரமும் வெப்பமும் குறித்துக்கொண்டே வந்தேன். பிரபா அதை அலுவலகத்தில் அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். பத்தி, வரிசை எண், ஓரத்தில் கோடு. பார்த்தால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனு மாதிரி இருந்தது.

"கீழ 'மனுதாரர்'னு போட்டு கையெழுத்து வாங்கலியா?" என்றேன்.

"எதிர்மனுதாரர் யாருன்னு தெரிஞ்சா போட்டுடலாம்" என்றார். அந்த மாதத்தில் நாங்கள் சிரித்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். இரண்டு வாரம் போனது. இடுப்பும் முட்டியும் எண்பது வயதுக்காரிக்கு வலிப்பதுபோல் வலித்தன. எடை ஏற வேண்டிய மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. கிளினிக் டாக்டரே, "இது எனக்குப் பிடிபடலம்மா, பெரிய இடத்துக்குப் போங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். சிதம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்தேன்.

காத்திருக்கும் கூடத்தில் மூன்று மணி நேரம். எதிரே பிரசவத்துக்கு வந்த பெண்கள். ஒவ்வொரு வயிற்றையும் பார்த்து இத்தனை மாதம் இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை. இவ்வளவு தூரம் நான் வந்து சேருவேனா என்ற எண்ணம் வந்ததும் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். பிரபா தட்டச்சு செய்த தாளை வாங்கி, ஒரு வரிகூட விடாமல் படித்தார். அப்புறம் கேள்விகள்.

"வீட்ல ஆடு, மாடு வளர்க்கிறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"காய்ச்சாத பால் குடிக்கிற பழக்கம் உண்டா?"

"இல்ல டாக்டர். பாலை டெஸ்ட் பண்றதே என் வேலைதான்."

அவர் லேசாகச் சிரித்து, தாளில் 'இல்லை' என்று எழுதினார்.

நான் பொய் சொல்லவில்லை. அவர் பாலைப் பற்றிக் கேட்டார்; நான் பாலைப் பற்றிப் பதில் சொன்னேன். அந்தப் பத்து நாளும் குடித்தது என் மனதில் மருந்து என்ற பத்தியில் ஏறியிருந்தது, பால் என்ற பத்தியில் இல்லை. இரண்டாம் நாள் பயிற்சி டாக்டர் ஒருவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன், கொஞ்சம் எரிச்சலோடு.

பரிசோதனைகள் நடந்தன. மலேரியா இல்லை. டெங்கு இல்லை. காசநோய்க்கான சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் மண்ணீரல் வீங்கியிருந்தது. மண்ணீரல் என்பது இடது விலாவுக்குக் கீழே இருக்கும் ரத்த வடிகட்டி. உடம்புக்குள் ஏதோ நெடுநாள் சண்டை நடக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். யாரோடு சண்டை என்று அது சொல்லாது. ரத்தத்தை ஊட்டக் கரைசலில் வைத்து ஏதாவது கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். ஐந்து நாள் வரை ஒன்றும் வளரவில்லை.

குழந்தைக்கு மட்டும் தினமும் இரண்டு முறை இதயத் துடிப்பு பார்ப்பார்கள். நர்ஸ் அடிவயிற்றில் பசையைத் தடவி, கையடக்கக் கருவியை வைத்து நகர்த்துவார். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே குதிரை ஓடுவது மாதிரி கேட்கும். அதுவரை நான் மூச்சு விட மாட்டேன். டாக்டர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "காரணம் தெரியாத காய்ச்சல் இப்படியே நீடிச்சா கரு தங்குறது கஷ்டம்மா. சீக்கிரம் கண்டுபிடிக்கணும்."

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை அக்கா. கடலூர்த் துறைமுகப் பக்கம் மீனவக் கிராமம். மூன்றாவது பிரசவம், ரத்தக் கொதிப்பு என்று படுக்க வைத்திருந்தார்கள். அவருக்கு என் நோட்டுப் புத்தகம் பெரிய வேடிக்கை.

"இன்னாம்மா எப்பப் பாத்தாலும் எழுதிக்கினே கீற? பாசா பெயிலான்னு எப்ப சொல்வாங்க?"

"பேப்பர் திருத்துறாங்கக்கா."

"நீ ஒரு நா எழுதாம இரு. காய்ச்சலுக்கு எத்தினி மணிக்கி வரணும்னு தெரியாம முழிக்கட்டும்."

சேர்ந்த எட்டாம் நாள் கலா அண்ணி வந்தார். அதற்கு முன்பு தினமும் போனில் மட்டும்தான் பேசினார். முதுகுவலி, பஸ்ஸில் உட்கார முடியவில்லை என்றார். தூக்கில் மிளகு ரசமும் குழைந்த சாதமும் கொண்டுவந்திருந்தார். என் தலையைக் கோதிவிட்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இன்னாடி இப்பிடி எலும்பா பூட்ட" என்றார். சாதத்தைக் கரைத்து ஊட்டினார். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். மணி மூன்று இருக்கும். நான் தூங்கிவிட்டதாக நினைத்து அவர் அஞ்சலை அக்கா பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூஞ்சே செரியில்லியே, வூட்டுல ஏதும் பிரச்சினியா?" என்று அஞ்சலை அக்கா கேட்டது காதில் விழுந்தது.

அண்ணியின் குரல் தணிந்தது. "இவ காதுல போடக் கூடாதுன்னு யாருகிட்டயும் சொல்லல. ஆடியில ஒரு ஆடு குட்டிய செத்துப் போட்டுச்சு. மாசம் நெறையாத குட்டி. அடுத்த வாரமே இன்னொண்ணு. இந்த ஆவணியில ரெண்டு. மாசமா இருக்கற பொண்ணு வூட்டுல இப்பிடி நடக்குதேன்னுதான் மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சி வச்சிருக்கேன்."

நான் கண்ணைத் திறந்தேன். எங்கள் வழக்கத்தில் கர்ப்பமாக இருப்பவளிடம் சாவுச் செய்தியோ கரு கலைந்த செய்தியோ சொல்ல மாட்டார்கள், ஆட்டுக்கு நடந்தாலும். ஒன்றரை மாதமாக அண்ணி அதை நெஞ்சுக்குள் வைத்துக் காவல் காத்திருந்தார். பிரபாவுக்குத் தெரிந்திருந்தது. அவரும் சொல்லவில்லை.

"எந்த ஆடு அண்ணி?"

அவர் திடுக்கிட்டார். "தூங்கலியா நீ? ஒண்ணுமில்ல, படு."

"எந்தெந்த ஆடு?"

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"கருப்பியும் போட்டுச்சா?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அஞ்சலை அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

என் பாடப் புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் அப்படியே வந்தது, இடது மூலையில் இருந்த படம்கூட. கன்றுவீச்சு நோய். ஆடு மாடுகளுக்குக் கடைசி மாதங்களில் குட்டி தவறிப்போகும். கிருமியின் பெயர் புருசெல்லா. மனிதருக்குப் பரவும் வழிகள் இரண்டு: ஒன்று, குட்டி போடும்போது வெளிவரும் கழிவுகளைத் தொடுவது. மற்றது, காய்ச்சாத பால். மனிதருக்கு வந்தால் அலை அலையாக வந்து வந்து போகும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, மண்ணீரல் வீக்கம். என் நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தெட்டு நாளாக நானே அதை வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.

மணியை அழுத்தினேன். டாக்டர் வந்ததும், "நீங்க கேட்டதுக்கு நான் தப்பா பதில் சொல்லிட்டேன் டாக்டர்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. முதலில் செய்த காரியம், ஆய்வகத்துக்குப் போன் செய்தது. என் ரத்தக் கரைசலை வெளியே கொட்டாமல் இன்னும் நாலு வாரம் வைத்துப் பார்க்கச் சொன்னார். இந்தக் கிருமி மெதுவாகத்தான் வளரும். கையாளும்போது கவனமாக இருக்கவும் சொன்னார், ஏனென்றால் சோதனை செய்பவர்களுக்கே அது தொற்றிவிடும். என்னைப் போல ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெண்ணின் மேசையில் எட்டு நாளாக என் ரத்தம் திறந்து மூடப்பட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் ரத்த எதிர்ப்பொருள் சோதனை வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. பதினோராம் நாள் கரைசலிலும் கிருமி வளர்ந்தது.

"ஆடுகள்ல இது கருவறையைத் தேடிப் போய் உட்காரும்" என்றார் டாக்டர். "மனுஷங்களுக்கு அப்படிக் கட்டாயமில்ல. ஆனா சில பெண்களுக்குக் கலைஞ்சிருக்கு. மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சவங்க நிறைய பேருக்கு நல்லபடியா பிறந்திருக்கு. நாம கொஞ்சம் லேட். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

வழக்கமாக இந்த நோய்க்குக் கொடுக்கும் ஒரு முக்கிய மாத்திரை கர்ப்பிணிகளுக்குக் கூடாதாம். அதனால் வேறு இரண்டு, ஆறு வாரத்துக்கு. ஒன்று காசநோய்க்கும் கொடுப்பது; சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொல்லியும் பயந்தேன். காமாலை வந்து போன ஈரல் என்பதால் வாரம் ஒரு முறை அதற்கும் பரிசோதனை.

மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் பிற்பகல் காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டியது. அடிவயிறு கல் மாதிரி இறுகி, விட்டு, மறுபடி இறுகியது. நர்ஸ் கருவியை வைத்தார். கரகர சத்தம் மட்டும் கேட்டது. இடது பக்கம் நகர்த்தினார். தொப்புளுக்குக் கீழே. வலது பக்கம். இன்னும் கொஞ்சம் பசையைப் பிதுக்கினார். "ஒளிஞ்சி வெளையாடுதும்மா" என்று என்னிடம் சொன்னவர், என் முகத்தைப் பார்க்காமல் கருவியின் சின்னத் திரையையே பார்த்தார். அஞ்சலை அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் பிரபா மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வராமல் நின்றார். நான் ஆட்டுக் குட்டிகளை நினைத்தேன். மயிர்கூட முழுதாக முளைக்காத குட்டிகள் என்று அண்ணி சொல்லியிருந்தார். வேறு எதையாவது நினைக்க முயன்றேன், முடியவில்லை.

மூத்த நர்ஸ் வந்தார். கருவியை வாங்கி, இடுப்பு எலும்புக்கு மேலே சாய்வாக அழுத்தி வைத்தார். குதிரை ஓடியது.

"நூத்தி அறுவது" என்றார். "காய்ச்சலுக்கு இதுவும் வேகமா ஓடுது."

அஞ்சலை அக்கா படுத்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணுதான். இப்பவே இன்னா அழிச்சாட்டியம் பாரு."

அந்த வாரம் முடிவதற்குள் காய்ச்சல் வரும் நேரம் தள்ளிப்போய், பிறகு நின்றது. ஒரு வாரம் வராமல் இருந்தும் யாரும் அதைக் குணம் என்று சொல்லவில்லை. இந்த நோய் போவது மாதிரி போய்த் திரும்பும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சேர்ந்த இருபத்துமூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். செம்மண்டலம் வீட்டிலும் நாலரை மணி ஆனால் பிரபா என் நெற்றியில் கை வைப்பார். பிறகு கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அண்ணி மருத்துவமனைக்கு அப்புறம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கடைசியில் பிரபா நேரில் போய் அழைத்து வந்து ரத்தம் கொடுக்க வைத்தார். அவருக்கும் இருந்தது. ஒரு வருடமாக முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாரே, அது இதுதான். செத்த குட்டிகளை வெறுங்கையால் எடுத்துப் புதைத்தவர் அவர். கால்நடை மருத்துவர் வந்து ஆடுகளுக்கு ரத்தம் எடுத்தார். எட்டில் ஆறுக்கு இருந்தது. ஆட்டுக்கு இதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை. பிரித்து, அழித்து, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

ஆறையும் புதைப்பதற்கு முந்தைய நாள் நான் அண்ணியிடம் போனில் பேசினேன். இந்த வருடம் யார் யாருக்குக் கருப்பியின் பாலைக் கொடுத்தார் என்று கேட்டேன். என் கையில் பேனா இருந்தது.

"அதான் எல்லாம் போவுதே, இன்னும் எதுக்குப் பேரு?"

"அவுங்களுக்கும் காய்ச்சல் இருந்தா அவுங்க டாக்டருக்கு இது தோணாது அண்ணி. எனக்கே தோணல."

அண்ணி பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒன்பது பேர். அந்த ஒன்பது வீட்டுக்கும் அவரே நடந்து போனார். நான் போகச் சொல்லவில்லை. புண்ணியத்துக்குக் கொடுத்த பாலுக்காக வாசலில் நின்று பேச்சு வாங்கினார். ஒரு வீட்டில் செம்பை எடுத்து எறிந்தார்கள். இரண்டு பேருக்கு விடாத மூட்டுவலி இருந்தது; இருவருமே பரிசோதனைக்குப் போனார்கள்.

மார்கழி கடைசியில், முப்பத்தேழாம் வாரம், சிதம்பரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோ. அழுதாள். அவ்வளவு நாள் அந்த அழுகைக்காகக் காத்திருந்தும் அது கேட்டபோது எனக்கு நிம்மதி வரவில்லை, ஏனென்றால் எனக்கு அன்று காலை நூறு டிகிரி காய்ச்சல் இருந்தது. பிரசவக் காய்ச்சலாக இருக்கலாம். அதுவாகவும் இருக்கலாம். எனக்கும் குழந்தைக்கும் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்தார்கள். குழந்தை மருத்துவர் சொன்னார்: "தாய்ப்பால்ல இந்தக் கிருமி வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா உங்க காய்ச்சல் என்னன்னு தெரியற வரைக்கும் நேரா கொடுக்க வேணாம்."

அந்த மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அங்கே ஒரு சின்னக் கருவி, துணி துவைக்கும் இயந்திரம் அளவு. என் பாலைப் பீய்ச்சி, மூடி போட்ட குப்பிகளில் அடைத்து, கட்டில் எண் ஒட்டி அதற்குள் அடுக்குவார்கள். அறுபத்திரண்டரை டிகிரி, முப்பது நிமிடம், பிறகு குளிர்ப்பு. சூடு குறைவு, அதனால் நேரம் அதிகம். எங்கள் ஆலையில் ஒரு காலத்தில் பெரிய தொட்டியில் செய்த அதே முறை. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று திரையில் எண் ஏறுவதைப் பார்த்தேன். என் வேலையில் ஆயிரக்கணக்கான லிட்டர் பார்த்திருக்கிறேன். அன்று அது முப்பது மில்லி.

பாலாடை என்ற மூக்குக் கிண்ணத்தால் ஊட்டியது கலா அண்ணி. என்னால் உட்கார முடியவில்லை. மாத்திரைகளை முடித்திருந்தாலும் முதலில் அவர் குழந்தையைத் தொட மறுத்தார்.

"என் கை வேணாம்டி."

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

"வேற யாரையாவது..."

"பிரபாவுக்கு பாலாடை புடிக்கத் தெரியாது. நேத்து காதுல ஊத்தினாரு."

முழங்கை வரை மூன்று தரம் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். சொட்டுச் சொட்டாக ஊற்றும்போது அவர் உதடும் கூடவே அசைந்தது. ஒரு சொட்டு வெளியே வழிந்தால் "வுடு, வுடு, இன்னும் இருக்குது" என்று குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்வார்.

பதினெட்டாம் நாள் முடிவுகள் வந்தன. இரண்டு ரத்தக் குப்பியிலும் எதுவும் வளரவில்லை. நேராகக் கொடுக்கலாம் என்றார்கள்.

குழந்தைக்குக் குடிக்கத் தெரியவில்லை. பாலாடைக்குப் பழகிய வாய். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பி அலறினாள். முதல் நாள் முழுக்க. இரண்டாம் நாள் நானும் சேர்ந்து அழுதேன். அண்ணி மட்டும் அலுக்காமல் தலையைத் தாங்கித் தாங்கிப் பிடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் விட்டுவிட்ட நேரத்தில், தூக்கக் கலக்கத்தில் அவளாகவே பிடித்துக்கொண்டாள். அண்ணி எழுந்து கதவைச் சாத்தினார், சத்தம் கேட்டு விட்டுவிடப் போகிறாள் என்று.

இன்று அவளுக்கு எண்பத்தொரு நாள். மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதில் ஒன்றும் இல்லையென்றால் பிறகு வேண்டாம் என்றிருக்கிறார்கள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சிதம்பரம் போக வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே விழித்துவிட்டாள், ஒரு கையால் எழுதுகிறேன். மடியில் கிடந்து குடிக்கிறாள். இந்தப் பாலை எடுத்துப் பார்க்க என்னிடம் எந்தச் சோதனைக் குழாயும் இல்லை. அவள் விழுங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்துகிறாள், மூச்சு விடுகிறாள், மறுபடி விழுங்குகிறாள்.